டெத் வேலியில் மஞ்சள் பூ எப்போது பூக்கும்?

சான் ஹோசேயில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: போன மார்ச்சில் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் பாலைவனத் தேசியப் பூங்காவான டெத் வேலி போனோம், படங்களில் பார்த்த மஞ்சள் பூ ஒன்றுகூட இல்லை, எந்த மாதம் போனால் கிடைக்கும், விதை எடுத்துவந்து வீட்டில் வளர்க்கலாமா?

மாதம் சரிதான், வருடம்தான் அமையவில்லை. நீங்கள் தேடியது டெசர்ட் கோல்ட், பாலைவனச் சூரியகாந்தி என்றும் சொல்வார்கள். முளைத்து, பூத்து, விதை உதிர்த்துவிட்டு ஒரே பருவத்தில் காய்ந்துபோகிற செடி. மழை பொய்த்த வருடங்களில் அது மண்ணுக்குள் விதையாகவே கிடக்கும். அங்கே வருட மழையே சராசரியாக 50 மில்லிமீட்டர்தான், ஒரு தூறலை நம்பி முளைத்தால் கதை முடிந்தது. அதனால் விதையின் மேல் முளைப்பைத் தடுக்கும் பூச்சு ஒன்று இருக்கிறது, அதைக் கழுவிப் போக்க 12 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை ஒன்று வேண்டும். அப்புறமும் குளிர்காலம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்ய வேண்டும், நாற்றைக் காயவைக்கும் காற்றும் அடிக்கக் கூடாது. 1998, 2005, 2016 என எப்போதாவதுதான் எல்லாம் கூடிவந்து பள்ளத்தாக்கே மஞ்சளாகிறது. 2016 பூப்புக்கு முந்தைய அக்டோபரில் அங்கே வெள்ளமே வந்தது.

அதனால் அக்டோபர், நவம்பரில் மழைச் செய்தியைப் பாருங்கள். நன்றாகப் பெய்து, குளிர்காலத்திலும் தொடர்ந்தால் மட்டும் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதிக்கு அறை போடுங்கள். பேட்வாட்டரிலிருந்து தெற்கே ஆஷ்ஃபோர்ட் மில் வரை போகிற சாலையில், மலையடிவாரச் சரளைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் தெற்கே ஆன்சா பொரேகோ பாலைவனப் பூங்கா பக்கம் ஹெண்டர்சன் கேன்யன் சாலையை விசாரித்துப் பாருங்கள், இதே பூவுக்குப் பேர்போன இடம். வெள்ளிநிற இலையோடு கட்டைபிடித்த புதரில் மஞ்சள் பூ இருந்தால் அது பிரிட்டில்புஷ், பல வருடம் நிற்கும் வேறு செடி. (அதையும் படம் எடுக்கலாம், தப்பில்லை.)

விதை விஷயம்: தேசியப் பூங்காவிலிருந்து பூ, விதை எதையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியா நாட்டுச் செடி விதை விற்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில், முழு வெயில் படும் இடத்தில், மணல் கலந்த மண்ணில் நேரடியாகத் தூவிவிடுங்கள். உங்கள் தோட்டம் களிமண் என்றால் மேட்டுப்பாத்தி கட்டாயம். முளைக்கும்வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செடி பிடித்தபின் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.