கொப்பரையில் ஓடும் குட்டி வண்டு

கேள்வி: கொப்பரை மூட்டையில் எள்ளைவிடச் சிறிய செம்பழுப்பு வண்டுகள் ஓடுகின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம், எண்ணெய் ஆட்டும் சரக்கு. லென்ஸில் பாருங்கள்: 2 மி.மீ. உடல், மார்பின் முன்மூலை இரண்டிலும் சின்னக் குமிழ் இருந்தால் அதற்குப் பூஞ்சணம்தான் முக்கியத் தீனி. அதாவது, சரக்கு சரியாகக் காயவில்லை. (4-5 மி.மீ. நீளத்தில் நீலமாக மின்னினால் அது வேறு வண்டு, கொப்பரையையே தின்னும்.)

மஞ்சள், பச்சைப் பூஞ்சணம் ஏறிய துண்டுகளைக் கழித்துவிடுங்கள். துடைத்துச் சேர்ப்பது தப்பு, நஞ்சு உள்ளே இறங்கியிருக்கலாம். மீதியை ஈரப்பதம் 6 சதவீதமாகும்வரை ஒற்றை அடுக்காக வெயிலில் காயவையுங்கள். இரவில் பனி படாமல் மூடுங்கள். சூடு ஆறாமல் மூட்டை பிடித்தால் உள்ளே வியர்த்து, மறுபடி பூஞ்சணம், மறுபடி வண்டு. சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள்.