நிலைக்கு மேல் இருப்பது எந்த அம்மன்?

கேள்வி: கண்டனூரில் எங்கள் அப்பத்தா வீட்டைப் பங்கு பிரித்தபோது, நிலைக்கு மேல் இருந்த மரச்சிற்பப் பலகை என் பங்குக்கு வந்தது. நடுவில் நான்கு கையோடு ஒரு அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் யானை. கீழே ஓரங்களில் பறவைகள். உச்சியில் கோரைப்பல்லோடு ஒரு முகம். அம்மனின் கீழ் இடக்கை உடைந்திருக்கிறது. அம்மா லட்சுமி என்கிறார். உடம்பெல்லாம் வெள்ளையாக இருப்பதாலும் பறவை இருப்பதாலும் சரஸ்வதி என்கிறார் மாமா. காரைக்குடியில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் ‘புவனேஸ்வரி, அபூர்வம்’ என்று விலை பேசுகிறார். யார் சொல்வது சரி? சாமி அறையில் வைத்துக் கும்பிடலாமா?

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. நீங்கள் அனுப்பிய படங்களில் இருப்பது கஜலட்சுமி, அதாவது இரண்டு பக்கமும் யானைகள் நீர் வார்க்கும் லட்சுமி. கடைக்காரர் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முகத்தையும் நகையையும் வைத்து அம்மனைக் கண்டுபிடிக்க முடியாது. தச்சர் கைக்கு எல்லா தேவியும் ஒரே சாயல்தான். அதே மகுடம், அதே தோடு, அதே மாலை. கையைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் மேல்கையை. எல்லோரும் முதலில் கீழ்க்கையைப் பார்த்துக் குழம்புகிறார்கள். கீழ் வலக்கை அபயம் (பயப்படாதே என்று உயர்த்திய கை), கீழ் இடக்கை வரதம் (வரம் தரத் தாழ்த்திய கை) என்பது லட்சுமிக்கும் உண்டு, புவனேஸ்வரிக்கும் உண்டு, சிவன் கோயில் அம்பாள்கள் பலருக்கும் உண்டு. அதனால் உங்கள் சிற்பத்தில் கீழ் இடக்கை போனதில் அடையாளத்துக்கு நஷ்டம் அதிகமில்லை. வலம், இடம் என்று நான் சொல்வதெல்லாம் சிலையின் வலம், இடம். பார்க்கிற நமக்கு அது மாறித் தெரியும்.

மேல் இரண்டு கையிலும் தாமரை இருந்து, அம்மன் தாமரை மேல் அமர்ந்திருந்தால் லட்சுமி. பெருமாள் கோயில் தாயார் சன்னதிக்குப் போனால் இதே அமைப்பைப் பார்க்கலாம், அங்கே யானை இருக்காது. மேல்கைகளில் பாசமும் (சுருக்குக் கயிறு) அங்குசமும் (யானைத் துறட்டி) இருந்தால் புவனேஸ்வரி, ராஜராஜேஸ்வரி போன்ற சக்தி வடிவங்கள். அவர்களில் கீழ்க்கைகளில் கரும்பு வில்லும் மலரம்பும் வைத்திருப்பவள் ராஜராஜேஸ்வரி. சங்கும் சக்கரமும் ஏந்தி எருமைத் தலை மேல் நின்றால் துர்க்கை. சிவன் கோயிலில் வடக்குக் கோஷ்டத்தில், அதாவது கருவறை வெளிச்சுவரின் வடக்கு மாடத்தில் நிற்பவள் அவள்தான். உடுக்கையும் சூலமும் ஏந்தி, ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டிருந்தால் பெரும்பாலும் மாரியம்மன்.

உங்கள் சிற்பத்தில் மேல்கைகளில் மொட்டு மாதிரி இருப்பவை தேய்ந்துபோயிருக்கின்றன. கடைக்காரர் அவற்றைத்தான் பாசம், அங்குசம் என்று படித்திருக்க வேண்டும். கீழ்க்கை இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்பதால் புவனேஸ்வரி என்ற பெயர் வந்திருக்கும். கையில் இருக்கும் பொருள் தேய்ந்தால் விரலைப் பாருங்கள். நம் ஊர்ச் சிற்ப வழக்கில் சங்கு, சக்கரம், பாசம், அங்குசம் ஆகியவற்றை இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்து, அவற்றின் மேல் நிறுத்தியிருப்பார்கள். இதற்குக் கர்த்தரீமுகம் என்று பெயர். பூவை அப்படிப் பிடிப்பதில்லை. விரல்களை மடக்கி, தண்டைக் கிள்ளிப் பிடித்திருக்கும். இது கடக முத்திரை. உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலப்பக்க மேல்கையில் கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே தண்டு ஒரு விரற்கடை நீளத்துக்கு இறங்கியும் இருக்கிறது. பாசத்துக்கும் அங்குசத்துக்கும் அந்தத் தண்டு வராது.

யானை மட்டும் இருந்தால் போதாது. சும்மா அலங்காரத்துக்கு யானை செதுக்கிய பலகைகள் செட்டிநாட்டில் நிறைய. அம்மன் பக்கம் திரும்பி, துதிக்கையைத் தூக்கி, குடத்தைக் கவிழ்க்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பலகையில் இடப்பக்க யானையின் துதிக்கை போய்விட்டது. வலப்பக்க யானை குடத்தைத் தெளிவாகவே பிடித்திருக்கிறது. இது மிகப் பழைய அமைப்பு. பார்ஹுத், சாஞ்சி பௌத்தச் சிற்பங்களிலேயே தாமரை மேல் இருக்கும் பெண்ணுக்கு யானைகள் நீர் வார்க்கின்றன. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் பல்லவர்கள் செதுக்கிய கஜலட்சுமிக்கு இரண்டே கைதான். ஆகவே நான்கு கை இல்லாத பலகை யாரிடமாவது இருந்தாலும், யானை குடம் கவிழ்த்தால் சந்தேகப்பட வேண்டாம்.

மாமாவின் வாதத்துக்கு வருகிறேன். வெள்ளை நிறம் சாட்சி ஆகாது. மேல் வண்ணம் உதிர்ந்து, அடியில் பூசிய வெள்ளை மட்டும் மிஞ்சியிருக்கிறது. மகுடத்தின் பள்ளங்களில் இன்னும் பச்சையும் சிவப்பும் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். வெள்ளைப் புடவை, வீணை, மயில் என்று சரஸ்வதியை நம் மனதில் பதித்ததில் 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்கள் வரிசையாக மாட்டியிருப்பதை மாமாவும் பார்த்து வளர்ந்திருப்பார். ஆனால் வீணை இல்லாத சரஸ்வதியும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்து ஞான சரஸ்வதிக்கு ஜபமாலையும் கமண்டலமும் சுவடியும்தான், வீணை கிடையாது. எனவே வீணை இல்லை என்பதை மட்டும் வைத்து நான் மறுக்கவில்லை. ஜபமாலையும் இல்லை, சுவடி இருந்த தடமும் இல்லை. வீணை இருந்து உடைந்திருந்தால் மார்புக்குக் குறுக்கே நீளமான வடு இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அடித்துப் பாருங்கள், மார்பு வழவழப்பாகவே இருக்கும்.

பறவைகள் வாகனம் இல்லை. வாகனம் என்றால் பீடத்தின் நடுவிலோ அம்மனுக்கு அடியிலோ இருக்க வேண்டும். ஓரத்தில் கொடியைக் கொத்திக்கொண்டிருக்கும் அன்னமும் கிளியும் தச்சரின் கொடிவேலை. உச்சியில் இருக்கும் கோரைப்பல் முகம் கீர்த்திமுகம். சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் எந்தத் திருவாசியிலும் வரும், அதை வைத்து யாராவது காளி என்றால் நம்ப வேண்டாம்.

கிளியைப் பற்றி ஒரு வார்த்தை, உங்கள் வீட்டில் வேறு சாமான்களும் இருக்கும் என்பதால். கிளியோடு நிற்கும் இரண்டு கைப் பெண் உருவத்தைக் கண்டதும் மீனாட்சி என்று சொல்லிவிடுகிறார்கள். கொண்டை ஒரு பக்கம் சரிந்து, இடக்கையில் கிளி இருந்தால் ஆண்டாள். வலக்கை பூவோடு உயர்ந்து, அங்கே கிளி இருந்து, இடக்கை கீழே தொங்கினால் மீனாட்சி. இரண்டு கையாலும் அகல் ஏந்தி, தோளில் கிளி வைத்திருந்தால் அது அம்மனே இல்லை, பாவை விளக்கு. மாடி முகப்பில் இறக்கை வைத்த சுதைப் பெண்கள் இருந்தால் அவர்களுக்குச் சாமிப் பெயர் தேடவே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துத் தேவதைகள்.

செட்டிநாட்டு நகரத்தார் சைவர்கள், நிலையில் எப்படி லட்சுமி என்று சிலர் கேட்பதுண்டு. வட்டிக்கும் வாணிபத்துக்கும் பர்மா, மலாயா என்று போய்வந்த குடும்பங்கள். விபூதி நெற்றியில், திருமகள் நிலையில். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கும்பிடலாமா என்றால், இது பிரதிஷ்டை செய்த மூர்த்தி இல்லை. நிலைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது இவளுக்கும் சேர்த்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பின்னமானதை, அதாவது கை கால் உடைந்ததைச் சாமி அறையில் வைக்கும் வழக்கமும் இல்லை. என்னைக் கேட்டால், இப்போது இருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு வாசலுக்கு மேல் மாட்டுங்கள். கஜலட்சுமிக்கு உரிய இடம் அதுதான்.

விற்பதென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை வாங்கி விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பெயிண்டை உரிக்க காஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், விரல் நுணுக்கமெல்லாம் அதோடு போய்விடும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். புதுக் கை வைக்க ஆசைப்பட்டால் விரல்கள் கீழ்நோக்கிய வரதமாக வைக்கச் சொல்லுங்கள். காலண்டரைப் பார்த்து, கையிலிருந்து காசு கொட்டுகிற மாதிரி செய்து தருகிறேன் என்பார் ஆசாரி. அது வேண்டாம்.