‘செபரேட்டட்’ என்றால் விவாகரத்தானவர் என்று பொருளா?

இல்லை. யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

‘செபரேட்டட்’ என்பவர் துணையைப் பிரிந்து வாழ்பவர். அவருடைய திருமணம் சட்டப்படி அப்படியே இருக்கிறது. ‘டைவர்ஸ்டு’ என்பவருக்கு நீதிமன்றம் அதை முறித்துக் கொடுத்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணம் முறியாமல் பிரிந்து வாழ்வதற்கான தீர்ப்பை 10ஆம் பிரிவிலும் மணமுறிவை 13ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது. முதலாவது கிடைத்தவர் மறுமணம் செய்துகொள்ள முடியாது. இருவரும் மனமொத்து மணமுறிவு கேட்பதற்கே ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நீதிமன்றத்துக்கே போகாமல் பிரிந்திருப்பவரையும் ஆங்கிலத்தில் ‘செபரேட்டட்’ என்றே சொல்வார்கள்.

குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம். எங்கள் தண்டையார்பேட்டையில் ‘செபரேட்டா போயிட்டாங்க’ என்றால், கணவனும் மனைவியும் மாமியார் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போனார்கள் என்றுதான் பொருள்.

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, நான் ‘செபரேட்டட்’ என்று எழுதியிருந்ததை அலுவலர் அடித்துவிட்டு, ‘ரெண்டும் ஒண்ணுதாம்மா’ என்று சொல்லி, மேலே ‘டைவர்ஸ்டு’ என்று நீல மையில் எழுதினார். எனக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். ஞாயிறுதோறும் காசிமேட்டிலிருந்து பேத்திக்கு மீன் வாங்கி வரும் என் மாமியார் அந்த வாரம் வரவில்லை. நேரில் போனபோது, ‘கோர்ட்டுல தீர்த்துக்கிட்டியாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?’ என்று அழுதார். பள்ளியோ, விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்டது. வழக்கே போடாதவள் எந்த நகலைக் கொடுப்பது?

நான் வழக்கறிஞர் அல்ல. வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதுகிறாள் என்று சிலர் சொல்லக்கூடும். கணவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பிரிந்திருக்கும் பெண்ணை ‘வாழாவெட்டி’ என்று அழைத்துப் பழகிய ஊரில், அந்தப் பழி இல்லாமல் என் நிலையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே சொல்லை இன்னொருவர் அடித்தது இன்றும் வலிக்கிறது.

படிவத்தில் ‘செபரேட்டட்’ என்ற கட்டம் இருந்தால் அதையே குறியுங்கள். இல்லையென்றால், தீர்ப்பு வராதவரை ‘மணமானவர்’ என்பதுதான் சரி. மூன்று முறை அலைந்து என் மகளின் படிவத்தில் அப்படித்தான் திருத்தி வாங்கினேன். அதன் நகலை மாமியாரிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.