பதினொரு மணிக்கு வரும் பயம்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன். லெவோடோபா மாத்திரை காலை 7, பகல் 12, மாலை 5, இரவு 10 மணிக்குத் தருகிறோம். தினமும் பதினொரு மணி வாக்கில் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. அதோடு வேர்வை, அழுகை, ‘என்னமோ ஆகப்போகுது’ என்ற பயம். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் இரண்டும் போய்விடுகிறது. இது மனநோயா? தூக்க மாத்திரை தரலாமா? மூன்று மாதம் முன்பு பிரமிபெக்ஸோல் சேர்த்தார்கள். இப்போது நடுராத்திரியில் ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறார். வீட்டில் நான்கு டார்ச் லைட், மூன்று மிக்ஸி.

பதில்: காலும் மனசும் ஒரே நேரத்தில் மடங்குவதுதான் துப்பு. மூளையின் ஆழத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று மொச்சைக்கொட்டை அளவு ஒரு முடிச்சு இருக்கிறது. அதன் மேல்புறம் அசைவுக்கு, கீழ்ப்புறம் உணர்ச்சிக்கு. டோபமின் என்ற மூளை ரசாயனம் பார்க்கின்சனில் குறைகிறது, லெவோடோபா மூளைக்குள் போய் அதுவாக மாறுகிறது. டோபமின் குறைந்தால் மேல்புறச் செல்கள் நொடிக்கு 13 முதல் 30 தடவை ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பிக்கும். இதுதான் பீட்டா அலை. கூட்டம் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டினால் நடுவில் ஒருவர் பேசுவது காதில் விழாது. ‘காலை எடு’ என்ற கட்டளையும் அப்படித்தான் அமுங்கிப்போகிறது. மாத்திரை ஏறியதும் தாளம் கலைகிறது, கால் நகர்கிறது. உணர்ச்சிப் பக்கமும் அதே டோபமினை நம்பியிருப்பதால் பயமும் கூடவே வந்து கூடவே போகிறது.

லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். நோய் முற்றாத வரை மூளை அதைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும், பிறகு முடியாது. ஏழு மணி மாத்திரை பதினொன்றுக்குத் தீர்வது அதனால்தான். தூக்க மாத்திரை இதற்கு மருந்தல்ல, விழவைக்கும்.

மூன்று நாள் ஒரு நோட்டில் அரைமணிக்கு ஒருமுறை எழுதுங்கள்: நேரம், நடை, மனநிலை, மாத்திரை, சாப்பிட்டது. பயம் நாள் முழுக்கச் சீராக இருந்தால் அது தனிப் பதற்றம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. மாத்திரை உச்சத்தில் உடல் நெளிந்தால் அளவு கூடுதல். நீங்கள் சொல்வதுபோல் மாத்திரைக்கு முன் மட்டும் வந்தால், மொத்த அளவை மாற்றாமல் ஐந்தாகப் பிரிப்பதா, லெவோடோபாவின் நேரத்தை நீட்டிக்கும் என்டகபோன் சேர்ப்பதா என்று நரம்பியல் மருத்துவர் முடிவுசெய்வார்.

பல வீடுகளில் கோட்டைவிடுவது சாப்பாட்டில். பருப்பு, முட்டை, தயிரிலுள்ள புரதம் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு முண்டியடிக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் தண்ணீரோடு கொடுங்கள். புரதத்தை நிறுத்த வேண்டாம், பெரும்பகுதியை இரவுக்குத் தள்ளினால் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

டார்ச் லைட் விஷயம் இன்னும் அவசரம். இந்த நோய் அசைவுப் பக்க டோபமினைத்தான் அதிகம் அழிக்கிறது. உணர்ச்சிப் பக்கம் ஓரளவு தப்பிவிடுவதால், காலுக்குச் சரியான அளவு அங்கே அளவு மீறிவிடும். டோபமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்ஸோல் வகை மருந்துகளில் இது கூடுதலாக வரும். இப்படிக் கட்டுப்பாடு இழந்தவர்களுக்கு முடிச்சின் கீழ்ப்புறத்தில் நொடிக்கு 4 முதல் 10 வரையான மெதுவான அலை பதிவாகியிருக்கிறது. ஆகவே அப்பாவைத் திட்டாதீர்கள். மருந்தின் வேலை இது. ஆனால் நீங்களே பிரமிபெக்ஸோலை நிறுத்தவும் கூடாது. சட்டென்று விட்டால் பதற்றமும் வேர்வையும் இன்னும் மோசமாகும். இந்த வாரமே மருத்துவரிடம் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை கார்டு உங்களிடம் இருக்கட்டும், யுபிஐ வரம்பைக் குறைத்துவையுங்கள். சூதாட்டம், அடங்காத தின்னும் ஆசை, பாலுறவு நாட்டம் கூடியிருக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

போகும்போது நோட்டோடு, பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் அவர் நடப்பதை எடுத்த இரண்டு வீடியோவும் கொண்டுபோங்கள்.