கீரையை ஒதுக்கும் பிள்ளைகளும் ஐந்து ரூபாய் பாக்கெட்டும்

கேள்வி: பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பாதிப் பிள்ளைகள் காலையில் ஐந்து ரூபாய் பாக்கெட்டோடுதான் வருகிறார்கள். மதியம் சாதத்தில் இருக்கும் கீரையையும் காரட்டையும் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். பாக்கெட் வேண்டாம் என்றால் அம்மாமார்களுக்குக் கோபம் வருகிறது. படம் காட்டி, பாட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருப்பது ஒரே அறை என்பதால் செல்போனில் பாட்டுப் போட்டு உட்கார வைக்கிறேன். நாலு வயதுப் பையன் ஒருவன் வெறும் சாதத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

படத்தையும் பாட்டையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நாளை மதியம் நீங்களும் ஆயாவும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கான சாப்பாட்டைத் தொடத் தயக்கமாக இருந்தால் உங்கள் வீட்டு டப்பாவையே திறங்கள். அதில் தினமும் ஒரு கீரையோ காயோ இருக்கட்டும். "கீரை கண்ணுக்கு நல்லது" என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாத விஷயம். டீச்சர் கீரையை எடுத்து, மென்று, ரசித்து விழுங்குவது எட்டும். இந்த வயதில் பிள்ளைகள் காதால் படிப்பதைவிடக் கண்ணால் படிப்பதுதான் அதிகம்.

அப்புறம், ஒதுக்குகிறார்களே என்று மனம் தளராதீர்கள். புதிய ருசி ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவைகூட ஆகும். நம்மில் பெரும்பாலோர் மூன்று, நாலு தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு சின்னக் கரண்டி மட்டும் தட்டில் வையுங்கள். தொட்டுப் பார்த்தால் சரி, முகர்ந்தால் சரி, துப்பினாலும் சரி. என்ன தருவது, எப்போது தருவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையின் வயிற்றிடம் விடுங்கள். வாயைப் பிடித்துத் திணிக்கவே கூடாது. "கீரை சாப்பிட்டால் பிஸ்கட்" என்ற பேரமும் வேண்டாம். அது கீரையைத் தண்டனையாகவும் பிஸ்கட்டைப் பரிசாகவும் மாற்றிவிடும்.

முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் கொத்தை ஆயா மட்டும் உருவ வேண்டாம். கை கழுவிவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஆளுக்கொரு காம்பு கொடுத்து இலையை உருவச் சொல்லுங்கள். தன் கை பட்ட கீரையைப் பிள்ளை ஆசையோடு பார்க்கும். இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

இனி பாக்கெட் விஷயம். அந்த அம்மாக்களில் பலர் விடியும் முன்பே பாசி எடுக்கவோ, மீன் ஏலத்துக்கோ, கருவாடு காய வைக்கவோ போகிறவர்களாக இருப்பார்கள். காலையில் அழும் பிள்ளையைச் சமாதானம் பண்ண அவர்களுக்குக் கிடைப்பது தெருமுனைக் கடைதான். அவர்களைக் குற்றவாளி ஆக்கினால் நாளைக்குப் பிள்ளையையே அனுப்ப மாட்டார்கள். பிள்ளை கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்காதீர்கள். "இது வீட்டுக்குப் போகும்போது" என்று எல்லோருடையதையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். வந்தவுடன் பசிக்கிறது என்றால் சத்துமாவு உருண்டை ஒன்று கொடுங்கள். ஒரு வாரம் அழுவார்கள், பிறகு பழகிவிடும்.

அம்மாக்களிடம் "அதைத் தராதே" என்பதைவிட "இதைத் தா" என்று சொல்லுங்கள். வாழைப்பழம், அவித்த பனங்கிழங்கு, கேப்பைக் கூழ், பாசிப்பயறு எல்லாம் அவர்கள் வீட்டில் புழங்குகிறவைதான். பனங்கிழங்கை நார் எடுத்துத்தான் தர வேண்டும். கடலையை முழுசாகத் தரக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். இடித்துத் தரச் சொல்லுங்கள். கருப்பட்டி நல்லதென்று அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் இனிப்புதான், அளவு வேண்டும். மீன் விஷயத்தில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். குழம்பில் மிளகாய் சேர்க்கும் முன் இரண்டு துண்டை மஞ்சளும் உப்பும் போட்டுத் தனியாக அவித்து, முள் இல்லாமல் பிசைந்து கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் அப்பாமார்களிடமும் பேசுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த வீட்டு ஆண்கள் அப்போது கரையில் இருப்பார்கள். மையம் திறந்திருக்கும் ஒரு நாளில் அவர்களை அழைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

ஓட்டம் ஆட்டத்துக்கு வருவோம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்துபோகும். அதனால் மையத்தில் செல்போன் பாட்டை நிறுத்திவிடுங்கள். உங்கள் வாயால் பாடுங்கள், அவர்கள் ஆடட்டும்.

180 நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தால் போதும். பாயைச் சுருட்டினால் உங்கள் ஒரே அறை மைதானம்தான். பழைய சேலை ஒன்றை முறுக்கி இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தி, கரைவலை இழுக்கச் சொல்லுங்கள். கரையில் பார்த்ததுதானே, சொல்லித்தரவே வேண்டாம். நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கலாம், குலைகுலையா முந்திரிக்காய் ஆடலாம். மணல் சுடுவதற்கு முன்னால், காலை பத்து மணிக்குள் பூவரசு நிழலுக்குக் கூட்டிப்போங்கள். தட்டு எடுத்து வைப்பது, பாய் விரிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம்கூட இந்தக் கணக்கில் சேரும்.

கடைசியாக, அந்த நாலு வயதுப் பையன். அவன் வீட்டில் டீ குடிக்கிறானா என்று முதலில் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தை ஒட்டிக் குடிக்கும் டீ பசியைக் கெடுக்கும். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமலும் தடுக்கும். குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று பதிவேட்டில் பாருங்கள். வெறும் சாதத்தில் பருப்புத் தண்ணீரில் தொடங்கி, பிறகு மசித்த பருப்பு என்று மெல்ல நகருங்கள். மாதா மாதம் எடை போடுகிறீர்கள் அல்லவா? அவனுடைய வளர்ச்சிக் கோடு இரண்டு மாதமாக ஏறாமல் இருந்தாலோ, கண்ணும் நகமும் வெளுத்திருந்தாலோ, காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். முடிந்தால் அம்மாவோடு நீங்களும் போய் வாருங்கள்.