வேன் இல்லாமல் கண்டி மியூசியங்கள்

கேள்வி: அக்கா, ஹட்டனிலிருந்து பிள்ளைகளோடு கண்டி மியூசியங்களைப் பார்க்க வருகிறோம். வேன் பிடிக்க வசதியில்லை. பஸ்ஸில் முடியுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாக, தங்கச்சி. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹந்தானை தேயிலை மியூசியம் அன்றைக்குப் பூட்டு. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உடுவெல பஸ் ஏறி, மியூசியத்தடியில் இறக்கச் சொல்லுங்கள். அது 1925இல் கட்டின பழைய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து அரைக்கும் பழைய ரோலர்கள் இருக்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களும் உண்டு. கொழுந்து பறித்தவர்களைப் பற்றி அங்கே அவ்வளவாக இல்லை என்பது என் குறை. அதற்குத் திரும்பும் வழியில் கம்பளையில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத் தொழிலாளர் மியூசியத்துக்குப் போங்கள். தொழிலாளர் குடியிருந்த பழைய லயக் காம்பராவே மியூசியம். உங்கள் அம்மா தோட்டத்தில் வேலை செய்தவரென்றால் அவரையும் கூட்டிப் போங்கள், விளக்கம் சொல்ல வேறு ஆள் தேவையில்லை!

கண்டி டவுனில் தலதா மாளிகை வளவுக்குள் பெரஹெரா ஊர்வலத்தில் புனிதப் பேழை சுமந்து, 1988இல் இறந்த ராஜா யானையைப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். சின்னவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ரயில் பைத்தியம் யாராவது இருந்தால் கடுகண்ணாவை ரயில் மியூசியம். கொழும்பு போகும் 1ஆம் நம்பர் பஸ். ஆனால் அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள். ஹட்டன் பஸ்ஸில் பின்னேரம் சீட் கிடைப்பது கஷ்டம், நேரத்தோடு ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.