1977 டட்சனுக்குப் புது எஞ்சின்: ஸ்மாக் சோதனையில் தேறுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறேன். என்னிடம் 1977 டட்சன் 280இசட் இருக்கிறது, எஞ்சின் தேய்ந்துவிட்டது. விபத்தில் சிக்கிய 2004 ஷெவர்லே பிக்கப் ஒன்றின் 5.3 லிட்டர் வி8 எஞ்சின் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதை மாட்டினால் ஸ்மாக் சோதனையில், அதாவது அரசின் வாகனப் புகைச் சோதனையில், தேறுமா? "இதை விற்றுவிட்டு 1974 மாடல் 260இசட் வாங்கு, அதற்குச் சோதனையே கிடையாது" என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: அந்த பிக்கப் எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் உங்கள் வண்டிக்கு அது சட்டப்படி பொருந்தாது.

1976 மாடலில் தொடங்கி, பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்மாக் சோதனை உண்டு. விற்கும்போதும் சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் 1977 வண்டி அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. எஞ்சினை மாற்றக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. மாற்றிய பிறகு வண்டி முன்பைவிட அதிகமாகக் காற்றைக் கெடுக்கக்கூடாது, அவ்வளவுதான். மற்ற நிபந்தனைகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவையே.

முதலாவது, எஞ்சின் உங்கள் வண்டியின் மாடல் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். 2004 என்பதால் இதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, அது அதே வகை வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். நீங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 280இசட் பயணிகள் கார். பிக்கப் என்பது டிரக் வகை. டிரக்குகளுக்கு வகுத்த புகை வரம்புகள் வேறு. எஞ்சினின் கொள்ளளவும் பிளாக்கும் ஒன்றாகவே இருந்தாலும், டிரக்குக்குச் சான்று பெற்ற எஞ்சின் காருக்குச் செல்லாது. மூன்றாவது, உங்கள் டட்சன் கலிபோர்னியாவுக்கென்று சான்று பெற்ற வண்டியாக இருந்தால், வரும் எஞ்சினும் கலிபோர்னியாச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். மற்ற மாநிலங்களுக்கென வந்த எஞ்சினை அதில் ஏற்க மாட்டார்கள். பானெட்டைத் திறந்தால் புகைக் கட்டுப்பாட்டு லேபிள் தெரியும். எந்தச் சான்று என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் கொடுக்கும் வண்டியிலும் அந்த லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே அதன் வின் எண்ணையும் (வண்டியின் அடையாள எண்) குறித்துக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாராவது கேட்கும்போது பதில் சொல்ல உங்களிடம் இவைதான் இருக்கும்.

அப்படியானால் எதைப் பார்க்கலாம்? வி8தான் வேண்டுமென்றால், 1998 முதல் 2002 வரையிலான கமாரோ, ஃபயர்பேர்ட் கார்களில் வந்த எல்எஸ்1 எஞ்சினைத் தேடுங்கள். அவை பயணிகள் கார்கள். ஆனால் எஞ்சினை மட்டும் தூக்கி வராதீர்கள், முடிந்தால் அடிபட்ட முழு வண்டியாகவே வாங்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் ஒன்றுவிடாமல் உங்கள் வண்டிக்கு வந்து வேலை செய்ய வேண்டும்: கம்ப்யூட்டர், வயரிங், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள், அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்கள், காற்றுப் பம்ப், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் சார்கோல் கேனிஸ்டர், செக் எஞ்சின் விளக்கு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட். 1998 முதல் 2000 வரையிலான கமாரோ எஞ்சின் என்றால், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வும் சேரும். தனித்தனியாகத் தேடி வாங்கினால் செலவு எகிறும், ஏதாவது ஒன்று விட்டும் போகும்.

இதில் பலரைக் கவிழ்ப்பது எஞ்சின் அல்ல, பெட்ரோல் டேங்க். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஓபிடி-2 என்ற சுயசோதனை முறை கட்டாயம். எல்எஸ்1 அந்த முறையில் இயங்குவது. டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று கம்ப்யூட்டர் தானாகவே சோதிக்கும். வெளிக்காற்று வரும் வழியை ஒரு வால்வால் அடைத்து, எஞ்சினின் உறிஞ்சலால் டேங்குக்குள் அழுத்தத்தைக் குறைத்து, அது அப்படியே நிற்கிறதா என்று ஒரு சென்சார் மூலம் பார்க்கும். 280இசட் டேங்கில் அந்தச் சென்சாரே கிடையாது, பொருத்தியாக வேண்டும். போதாததற்கு, அந்த டேங்கின் மேல்பக்கம் பல ஆவிக் குழாய்கள் உண்டு. இத்தனை ஆண்டில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டேங்கை இறக்கி எல்லாக் குழாயையும் புதிதாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். அதைச் செய்யாமல் எஞ்சினை எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் செக் எஞ்சின் விளக்கு அணையாது.

அடுத்து கன்வெர்ட்டர்கள். டட்சனின் அடிப்பகுதியில் இடம் குறைவு என்பதால், எக்ஸாஸ்ட் கட்டுபவர்கள் அவற்றைப் பின்னால் தள்ளி வைக்கப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சினிலிருந்து தூரம் கூடினால் கன்வெர்ட்டர் சூடேறத் தாமதமாகும். அது சூடேறும்வரை புகை சுத்தமாகாது. மூல வண்டியில் இருந்த இடத்திலேயே இங்கும் இருக்க வேண்டும். புதிதாக வாங்கினால், கார்ப் எனப்படும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் அதன்மேல் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டரைத் 'டியூன்' செய்து கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார்களை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2021 ஜூலை 19 முதல் ஸ்மாக் சோதனையில் மாற்றப்பட்ட மென்பொருளையும் தேடுகிறார்கள்; கார்ப் அனுமதி இல்லாத மாற்றம் என்றால் தேறாது. அது கண்ணில் படாவிட்டாலும் நீங்கள் ஓட்டப்போவது மாசு கூடிய வண்டி. கட்டுப்பாட்டைக் கழற்றுவதோ முடக்குவதோ மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படியும் தவறு.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் இ-ராட் தொகுப்பு இருக்கிறது. புது எஞ்சின், கம்ப்யூட்டர், கன்வெர்ட்டர், சென்சார், கேனிஸ்டர் எல்லாம் ஒரே தொகுப்பாக, கார்ப் அனுமதியோடு, 1995 வரையிலான மாடல்களுக்காக வருவது. விலை கூடுதல்தான். ஆனாலும் கையில் பணம் இருந்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இனி வரிசை. சாதாரண ஸ்மாக் நிலையத்துக்கு முதலில் போகாதீர்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகளைப் பார்க்க 'ஸ்மாக் செக் ரெஃப்ரீ' என்று தனியாக இருக்கிறார்கள். எஞ்சின் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் பேசி, எந்த ஆண்டு, எந்த வண்டி எஞ்சின் என்று சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்து சோதனைக்குப் போகும் வாரத்தில் பேட்டரியைக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஓபிடி-2 சுயசோதனைகளின் முடிவுகள் எல்லாம் அழிந்துபோகும். சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டினால்தான் மறுபடி பூர்த்தியாகும். 1996 முதல் 1999 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஒரு சோதனை பூர்த்தியாகாமல் இருக்கலாம். 2000க்குப் பிந்தியவற்றில் ஆவிக் கசிவுச் சோதனை ஒன்றுக்கு மட்டுமே அந்தச் சலுகை.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். 1975 வரையிலான வண்டிகளுக்கு ஸ்மாக் சோதனை இல்லை என்பது உண்மை. ஆனால் சோதனை இல்லை என்பதற்காகக் கட்டுப்பாடும் இல்லை என்று ஆகிவிடாது. வண்டியோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமானைக் கழற்றக்கூடாது என்கிற மாநில வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு 1974 மாடலுக்கும் பொருந்தும். சும்மா ஒரு இசட் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் 260இசட் தாராளமாக வாங்கலாம். சோதனைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் என்றால் அதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

இன்னொரு சலுகையும் காதில் விழுந்திருக்கலாம். 35 ஆண்டு கடந்து, சேகரிப்பு வண்டியாகக் காப்பீடு செய்த கார்களுக்கு ரெஃப்ரீயிடம் சுருக்கச் சோதனை உண்டு. சாமான்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் சரிபார்ப்பதை அங்கே விட்டுவிடுவார்கள். ஆனால் சைலன்சர் முனையில் எடுக்கும் புகை அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் மூடியும் கசிவும் பார்ப்பார்கள். இதை நம்பி எஞ்சின் மாற்றத் திட்டம் போடாதீர்கள். 35 ஆண்டு கடந்த சேகரிப்பு வண்டிகளுக்கு முழு விலக்கு கேட்டு வந்த மசோதா 2025இல் சட்டமன்ற நிதிக் குழுவிலேயே நின்றுவிட்டது.

ரெஃப்ரீ ஒப்புக்கொண்டால், எந்த எஞ்சின், என்னென்ன கட்டுப்பாட்டுச் சாமான் என்று குறித்த லேபிள் ஒன்றை உங்கள் வண்டியில் ஒட்டித் தருவார். அதற்கப்புறம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வழக்கமான நிலையத்துக்கே போகலாம். அங்கிருப்பவர் அந்த லேபிளைப் பார்த்துச் சோதிப்பார். நீங்கள் வண்டியை விற்றாலும் அது வண்டியோடே போகும்.